சந்தா ரசீதில் என் பெயர்

மகாளயம்

சென்னையிலிருந்து மாற்றலாகிக் கொல்கத்தாவுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. சால்ட் லேக்கில் அலுவலகம். ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் வாடகை வீடு. விக்டோரியா நினைவு மண்டபம், ஹௌரா பாலம் எல்லாம் வந்த புதிதிலேயே பார்த்தாயிற்று. பார்த்த பிறகும் ஊர் எட்டியே நின்றது. அதனால் துர்கா பூஜை நாட்களில் எங்கள் சந்துக்காரர்களோடு இருந்து, அவர்கள் செய்வதையெல்லாம் கூடவே செய்வது என்று முடிவு செய்து, ஊருக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன். அம்மாவுக்கு வருத்தம்தான். மன்னார்குடி வீட்டில் நான் இல்லாமல் கொலு வைப்பது இதுதான் முதல் தடவை. அவள் படிப்பதற்காகவும் சேர்த்தே அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறேன்.

இன்று விடியற்காலை நாலு மணிக்குச் சந்து முழுக்க வானொலி. கீழ்வீட்டு மாஷிமா (வீட்டுக்காரம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறேன், நம் பெரியம்மா, சித்தி மாதிரி) நேற்றே சொல்லியிருந்தார்: "அலாரம் வேண்டாம் மா, பீரேந்திர கிருஷ்ண பத்ரா எழுப்பிவிடுவார்." வானொலியில் 1931-இல் தொடங்கிய 'மகிஷாசுர மர்தினி' நிகழ்ச்சி. பாணி குமார் எழுத்து, பங்கஜ் மல்லிக் இசை, சண்டி பாராயணம் பத்ராவின் குரல். இன்றைக்கும் அதே பழைய ஒலிப்பதிவுதான். 1976-இல் அந்தக் குரலை மாற்றி, வங்கத்தின் உச்ச நடிகர் உத்தம் குமாரை வைத்து வேறொன்றை ஒலிபரப்பினார்கள். ஊரே கொதித்துப் போய்விட்டது. மறுவருஷம் பத்ராவே திரும்பி வந்தார். இதைச் சொல்லும்போது மாஷிமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், தானே நேரில் போய்ச் சண்டை போட்டு ஜெயித்த பெருமை.

இருட்டில் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். எதிர்வீட்டு ஜன்னல், பக்கத்து வீட்டு ஜன்னல், மூலை டீக்கடை என்று எல்லா இடத்திலிருந்தும் அதே குரல். நடக்க நடக்க ஒரு வரிகூட விட்டுப்போகாது. விடிந்ததும் பாக்பஜார் படித்துறைக்குப் போனேன். இடுப்பளவு கங்கையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இது நமக்கும் மகாளய அமாவாசைதான். இந்நேரம் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் இதே கூட்டம் இருந்திருக்கும்.

படித்துறையிலிருந்து குமர்துலி நடக்கிற தூரம். சிலை செய்பவர்களின் சந்துகள். மூங்கிலில் சட்டம் கட்டி, வைக்கோலைச் சணல் கயிற்றால் சுற்றி உடம்பு பிடிக்கிறார்கள். உமி கலந்த களிமண் முதல் பூச்சு, அதற்கு மேல் மெல்லிய மண். முகத்தைத் தனியாக அச்சில் எடுத்துப் பிறகு ஒட்டுகிறார்கள். விரல்களும் தனி. வண்ணம் ஒட்டிப் பிடிக்கப் புளியங்கொட்டைப் பசை. மகாளயத்தன்று கண் திறப்பது மரபு. ஒரு கொட்டகையில் வயதானவர் ஒருவர் பலகைமேல் ஏறி நின்று, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் இமைக்கோட்டை ஒரே இழுப்பில் இழுத்தார். மூச்சை நிறுத்தி இழுக்கிறார் என்பது தோள் அசையாததிலிருந்து தெரிந்தது. இழுத்து முடித்ததும் கீழே இறங்கி, வாசல் வரை பின்னால் போய்ப் பார்த்தார். அப்புறம் மறுபடி ஏறி அடுத்த கண். எங்கள் சந்தின் துர்கையும் இதே குமர்துலியில் ஏதோ ஒரு கொட்டகையில் இருக்கிறாள் என்று கிளம்பும்போது நினைத்துக்கொண்டேன்.

திரிதியை

சந்தா விஷயத்தைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும் சேர்ந்தது ஒரு 'பாடா'. பாடாவுக்கு ஒரு கிளப் உண்டு: ஒற்றை அறை, கேரம் பலகை, பழைய கால்பந்துக் கோப்பைகள், சுவரில் நேதாஜி. பூஜைக்கு ஒரு மாதம் முன்பே கிளப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவார்கள். என்னிடம் வந்தபோது, வாடகைக்கு இருப்பவள் என்பதால் மாஷிமா பெயரில் எழுதப் போனார்கள். மாஷிமா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அவளுக்குத் தனி ரசீது போடு. அவளும் பாடாப் பெண்தான்."

அந்த ரசீதின் பலன் இன்று தெரிந்தது. கிளப்பில் பெண்கள் கூட்டம், எனக்கும் அழைப்பு. யார் பூ தொடுப்பது, யார் பழம் நறுக்குவது, சங்கு ஊதும் போட்டிக்கு யார் நடுவர், பிள்ளைகளுக்குப் படம் வரையும் போட்டி எத்தனை மணிக்கு என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். எனக்குப் போக் பரிமாறும் வேலை. போக் என்றால் அம்மனுக்குப் படைத்துப் பந்தியில் போடும் சாப்பாடு. "பரிமாறத் தெரியுமா?" என்று பக்கத்து வீட்டு பௌதி (அண்ணி என்று பொருள்) கேட்டார். தஞ்சாவூர் ஜில்லாக்காரியிடம் இப்படி ஒரு கேள்வி! கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியே வளர்ந்தவள் என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொல்லி முடித்தேன்.

தெருவில் காசு சேர்த்துப் பூஜை போடும் வழக்கத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. முன்பெல்லாம் இது ஜமீன்தார் வீட்டுப் பூஜை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஷோபாபஜார் ராஜாவீட்டில் நபகிருஷ்ண தேவ் 1757-இல், பிளாசிப் போர் முடிந்த கையோடு, பெரிய பூஜை தொடங்கினார். ஹூக்ளி மாவட்டம் குப்திபாடாவில் ஒரு பெரிய வீட்டுப் பூஜையில் ஏற்பட்ட மனத்தாங்கலால் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து தாங்களே செலவு போட்டுத் தனியாக நடத்தினார்கள், அது 1790 என்று சொல்கிறார்கள். கொல்கத்தாவில் எல்லோருக்குமான பொதுப் பூஜை 1910-இல் பவானிபூரில் நடந்தது. எங்கள் கிளப்பின் ரசீதுப் புத்தகம் அந்த வரிசையில் வந்தது. ஒருவர் வீட்டு வாசலில் போய்க் கைகட்டி நிற்காமல் சாமி கும்பிட வேண்டும் என்று சிலர் நினைத்ததன் விளைவு. இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சதுர்த்தி

அரைநாள் விடுப்பு. முதலில் மெட்ரோவில் காளிகாட் இறங்கி லேக் மார்க்கெட். நாளை பாடாவில் 'ஆனந்தமேளா'. பெண்கள் அவரவர் வீட்டில் சமைத்ததைக் கொண்டுவந்து கடை போட்டு விற்பார்கள், பணம் பூஜை நிதிக்கு. நான் சுண்டல் என்று பெயர் கொடுத்திருக்கிறேன். நவராத்திரியில் வேறு என்ன செய்வது! லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. கறிவேப்பிலை கொத்துக் கொத்தாக, வாழையிலை, காப்பிப்பொடி, தொடுத்த பூ எல்லாம் கிடைக்கிறது. கறிவேப்பிலை வாங்கும்போது கடைக்காரர் தமிழிலேயே, "சுண்டலுக்கா?" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அங்கே கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றியது.

சாயங்காலம் கிளப் செயலாளரோடும் இரண்டு பையன்களோடும் சியால்தா ரயில் நிலையம். பூஜைக்கு டாக் வாசிப்பவரை அமர்த்த. டாக் என்பது தோளில் தொங்கவிட்டு இரண்டு குச்சிகளால் ஒரு பக்கம் மட்டும் அடிக்கும் பெரிய மர மேளம். ஒரு பக்கத்தில் வெள்ளை இறகுக் கொண்டை உயர்ந்து நிற்கும். முர்ஷிதாபாத், பாங்குரா என்று பல மாவட்டங்களிலிருந்தும் டாக்கிகள் ரயிலேறி வந்து நிலைய வாசலில் குழுக்குழுவாக நின்று வாசிக்கிறார்கள். கிளப்காரர்கள் கேட்டுப் பார்த்துப் பேரம் பேசி அழைத்துப் போகிறார்கள். நூற்றுக்கணக்கான மேளம் ஒரே நேரத்தில். பேச்சு காதில் விழாது, விரலைக் காட்டித்தான் பேரம்.

பேரத்தில் ஓர் இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. வேறொரு பாடாக்காரர் ஒருவர், ஒலிபெருக்கியில் பதிவைப் போட்டாலே போதுமே என்று ஒரு முதியவரிடம் சொல்லி விலையை இறக்கிக்கொண்டிருந்தார். வருஷத்தில் இந்த ஒரு வாரச் சம்பாத்தியத்தை நம்பி வீட்டை விட்டு, சொந்த ஊர்ப் பண்டிகையை விட்டு வந்திருப்பவர் அவர். எங்கள் செயலாளர் அந்த விஷயத்தில் நல்லவர். முர்ஷிதாபாத்காரர் ஒருவரையும், கூடவே கான்ஷி என்னும் சின்ன வெண்கலத் தட்டை அடிக்கும் அவர் மகனையும் கேட்ட தொகைக்கே பேசி முடித்தார். பையனுக்குப் பத்து, பதினொன்று வயதிருக்கும். டிராமைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. "நாளைக் காலையில் கூட்டிப் போகிறேன்" என்று செயலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பஞ்சமி

காலையில் சுண்டல் வேலை. தேங்காய் துருவ வழியில்லாமல் பக்கத்து வீட்டுக் காக்கிமாவிடம் (இதுவும் சித்தி மாதிரிதான்) போனேன். அவர் எடுத்து வந்தது நம் அரிவாள்மனையேதான்! மரப்பலகை, நட்டுக்கொண்டு நிற்கும் வளைந்த அலகு, நுனியில் பல்பல்லாகத் துருவி. இங்கே அதைப் போட்டி என்கிறார்கள். மீன் அறுப்பதற்கு ஒன்று, காய் நறுக்க ஒன்று என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள். எனக்குக் காய்ப் போட்டியைத்தான் கொடுத்தார். நான் ஒரு காலை மடக்கிப் பலகைமேல் உட்கார்ந்து துருவத் தொடங்கியதும், "அட, உனக்கு இது தெரியுமா?" என்று தானும் இன்னொரு மூடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் அம்மா கிழக்கு வங்கத்தின் பரிசாலிலிருந்து பிரிவினையின்போது இடுப்பில் பிள்ளையோடு வந்தாராம். அந்தப் பிள்ளை காக்கிமாவின் அக்கா. தேங்காய் முடிவதற்குள் ஒரு குடும்பத்தின் எழுபது, எண்பது வருஷத்தைக் கேட்டுவிட்டேன். அலுவலகத்தில் எத்தனையோ பேரோடு தினமும் மதியம் சாப்பிடுகிறேன், யாருடைய அம்மாவின் ஊரும் எனக்குத் தெரியாது.

மேளாவில் மீன் சாப், குக்னி, பாட்டிஷாப்டா, ஒரு பெண் பிரமாதமான எக் ரோல். நடுவே என் கொண்டைக்கடலைச் சுண்டல். குக்னி என்பதும் வேகவைத்த பட்டாணிதான், ஆனால் மசாலா தூக்கல். சுண்டலில் கடுகும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் மட்டுமே இருப்பதைச் சுவைத்துவிட்டு ஒரு தாத்தா, "இது பூஜைப் பண்டம், சத்தம் போடாது" என்றார். பாத்திரம் காலி. வந்த பணத்தை எண்ணிக் கிளப்பில் கொடுத்தேன், அதற்கும் ஒரு ரசீது.

ஷஷ்டி

சாயங்காலம் போதன். இத்தனை நாள் தாள் சுற்றியிருந்த அம்மனின் முகத்தைத் திறந்தார்கள். எங்கள் சிலை சின்னது, 'ஏக்சாலா': துர்கை, லட்சுமி, சரஸ்வதி, கணேஷ், கார்த்திக் ஐவரும் ஒரே வளைவுச் சட்டத்துக்குள் நிற்பது. நெட்டியில் செய்த வெள்ளை அலங்காரம்.

இந்தக் குடும்ப அமைப்பை நம் கண்ணால் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நம் ஊர் அரசமரத்தடிப் பிள்ளையார் பிரம்மச்சாரி. இங்கே கணேஷுக்குப் பக்கத்தில் வாழைக்கன்றுக்குப் புடவை சுற்றி நிறுத்தி, அவருடைய மனைவி என்று ஜனங்கள் சொல்கிறார்கள். வள்ளி தெய்வானையோடு நாம் பார்க்கும் முருகன் இங்கே மீசை முறுக்கிய, மயில் ஏறிய, கல்யாணமாகாத பையன். கிளப் பையன்களிடம் முருகனின் இரண்டு கல்யாணக் கதையைச் சொன்னேன். வள்ளி தினைப்புனம் காத்ததும், யானையாக வந்து அண்ணன் உதவியதும் அவர்களுக்குப் புதுசு. "எங்கள் கார்த்திக் தமிழ்நாட்டுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டானா!" என்று ஒருவன் அம்மன் பக்கம் திரும்பிப் புகார் சொன்னான்.

எல்லாவற்றுக்கும் மேலே, இங்கே துர்கை போர்க்கோலத்தில் நின்றாலும் பிறந்தவீட்டுக்கு வந்திருக்கும் பெண். கைலாசத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை அம்மா வீட்டுக்கு வருகிறாள், தசமியன்று புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். மாஷிமா முகம் திறந்ததும் கும்பிடக்கூட இல்லை, "இளைத்துப் போயிருக்கிறாள்" என்றார்.

சப்தமி

விடியற்காலை வாழைக்கன்றைக் கங்கையில் குளிப்பாட்டி எடுத்து வந்தார்கள். வாழையோடு சேம்பு, மஞ்சள், வில்வம், மாதுளை, அசோகு, நெல் என்று ஒன்பது செடிகளைச் சங்குப்பூக் கொடியால் சேர்த்துக் கட்டி, சிவப்புக் கரை வெள்ளைப் புடவை சுற்றுவது. நவபத்ரிகை என்று பெயர். சாஸ்திரப்படி அது துர்கையேதான். கணேஷின் மனைவி என்பது ஜனங்கள் சேர்த்தது. வயலும் அறுவடையும்தான் முதலில் வந்த சாமி என்று இதைப் பார்த்தால் தோன்றுகிறது.

ராத்திரி பந்தல் சுற்றல். பூஜை இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடுகிறது. பாக்பஜாரில் நூறாண்டு கடந்த பூஜை, மிகப்பெரிய ஏக்சாலா. சுபாஷ் சந்திர போஸ் தலைவராக இருந்து நடத்திய இடம். அதன் பின் ஆஹிரிடோலா, காலேஜ் ஸ்கொயர் குளத்தில் நிழல் விழும் பந்தல், சந்தன்நகர் விளக்குகள். தெற்கே போனால் ஒவ்வொரு பந்தலும் ஒரு கருப்பொருள்: கைவிட்டுப்போன நெசவு, நீரில்லாத நதி, அகதிகளின் பெட்டிகள். கலைக்கல்லூரியில் படித்தவர்கள் மாதக்கணக்கில் உழைத்துக் கட்டுவது, ஐந்தே நாளில் பிரிப்பது. 2021-இல் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்கா பூஜையைத் தன் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தத் தெருக்கலை ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். பெரிய பந்தல்களில் கயிறு கட்டிய வரிசையில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அம்மன் முன்னால் நிற்கக் கிடைப்பது சில நொடி. எல்லோர் கையும் செல்போனோடு மேலே. வழியெங்கும் மூங்கில் கட்டி விளம்பரம். பார்க்க வேண்டியதுதான், கண்ணுக்கு விருந்துதான். ஊரைத் தெரிந்துகொள்ள வந்த புதியவர் யாராவது என்னைக் கேட்டால் மட்டும், முதலில் ஒரு சின்னப் பாடாப் பூஜையில் போய் உட்காருங்கள், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று நிச்சயம் கிடைக்கும் என்பேன். விடிகாலை மூன்று மணிக்கு நான் திரும்பியபோதும் எங்கள் பந்தலில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "எது நன்றாக இருந்தது?" என்று கேட்டார்கள், எனக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டே.

அஷ்டமி

கால் இரண்டும் மரத்துவிட்டன, ஆனாலும் இன்றைக்கு எழுதாமல் தூங்கக் கூடாது.

காலையில் அஞ்சலி. வெறும் வயிற்றோடு, புதுத்துணி உடுத்தி, பாடாவே பந்தலுக்குள். கூடை கூடையாகப் பூ வருகிறது, ஆளுக்கு ஒரு கை. அர்ச்சகர் மைக்கில் சொல்லச் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்லிப் பூவை அம்மன் பக்கம் போட வேண்டும், மூன்று முறை. "யா தேவி சர்வபூதேஷு" வந்தபோது நான் முந்திக்கொண்டேன். இது எங்கள் வீட்டுக் கொலுவிலும் சொல்வதுதான்.

பதினொரு மணிக்குச் சமையல் கொட்டகை. தலைமைச் சமையல்காரர் ஒடியாக்காரர். பெரிய இரும்பு வாணலியில் பயத்தம்பருப்பை எண்ணெயில்லாமல் வாசம் வரும்வரை வறுத்து, கோபிந்தோபோக் என்னும் சின்ன மணி அரிசியோடு சேர்த்துக் கிச்சுரி. இஞ்சி, பிரியாணி இலை, முழு மசாலா, நெய். வெங்காயம் பூண்டு கிடையாது. சில பாடாக்களில் அஷ்டமிக்கு அரிசி தவிர்த்து லூச்சி (மைதாப் பூரி) போடுவார்கள், எங்கள் பாடாவில் மூன்று நாளும் கிச்சுரிதான். பூசணி, கத்தரி, முள்ளங்கி, சர்க்கரைவள்ளி எல்லாம் சேர்த்துக் குழைய வேகவைத்த லாப்ரா, தக்காளிப் பேரீச்சைச் சட்னி, அப்பளம், பாயேஷ். கிளறும்போது எழுந்த வாசனை நம் மார்கழிப் பொங்கலுக்கு அத்தனை பக்கம்.

இடுப்பில் துணி கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினேன். நான் கிச்சுரி, பின்னால் பௌதி லாப்ரா, அவர் பின்னால் கிளப் பையன் சட்னி. சாலிலைத் தட்டு, நீள மேஜை. முதல் பந்தியில் முதியவர்கள், அப்புறம் பிள்ளைகள், பூஜைக்கு வேலை செய்த மின்சாரக்காரர், பந்தல் கட்டியவர்கள், குப்பை அள்ள வரும் அம்மா. சந்து முனையில் தையல்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பமும் வந்தது. பந்தல் துணியைத் தைத்தவர் அவர்தான். "இன்னும் கொஞ்சம்" என்பதற்கு எத்தனை விதமான கையசைவு உண்டோ அத்தனையும் மன்னார்குடியில் பார்த்தவையே: தட்டை மறைப்பதுபோல விரலை விரித்து நடுவில் வழி விடுவது உட்பட. மூன்றாம் பந்தியில் யாரோ, "தமிழ்த் தீதி, இந்தப் பக்கம் கிச்சுரி!" என்று கத்தினார்கள். தீதி என்றால் அக்கா. அதுவரை சந்தில் நான் 'மாஷிமா வீட்டு வாடகைப் பெண்'.

மாலையில் சந்தி பூஜை. அஷ்டமியின் கடைசி 24 நிமிஷமும் நவமியின் முதல் 24 நிமிஷமும் சேர்ந்த நேரம். சண்டன், முண்டன் இருவரையும் அம்மன் சாமுண்டியாகிக் கொன்ற வேளை. 108 தாமரை, 108 அகல். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து திரியேற்றினோம். என் பங்குக்கு ஒரு வரிசை. சியால்தாவிலிருந்து வந்த பையன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அணைந்த விளக்குகளை எனக்குக் காட்டிக் காட்டிக் கொடுத்தான். நேரம் தொடங்கியதும் எழுந்து ஓடிப்போய்க் கான்ஷியை எடுத்துக்கொண்டான். அப்பாவின் டாக் சத்தத்துக்கு ஈடாக அவன் கை போன வேகம்!

நவமி

எங்கள் வீட்டில் இன்று ஏடு அடுக்கியிருப்பார்கள், ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது. இங்கே சரஸ்வதி அம்மாவோடு வந்து நிற்கிறாளே தவிர, அவளுக்கான பூஜை தை, மாசி வாக்கில் வரும் வசந்த பஞ்சமியில்தான். ஆயுத பூஜைக்கு இணையானது செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜை. அன்று ஆட்டோ, பஸ் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு நின்றதும், மொட்டைமாடிகளில் பட்டம் பறந்ததும் ஏன் என்று இப்போதுதான் சேர்த்துப் புரிகிறது.

அதிகாலையிலேயே ஆட்டுக்கறிக் கடைகளில் வரிசை. நவமிக்கு வீட்டுக்கு வீடு கறி. விரதமும் சைவமுமாக நவராத்திரி பார்த்த எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. பெண் பிறந்தவீட்டுக்கு வந்தால் நல்லதாகச் சமைக்க மாட்டார்களா என்று காக்கிமா கேட்டார், அதற்கு மேல் சந்தேகம் இல்லை. இரவு துனுச்சி ஆட்டம்: தேங்காய் நாரும் சாம்பிராணியும் புகையும் மண்சட்டியை இரண்டு கையிலும் ஏந்தி டாக்குக்கு ஆடுவது. கிளப் செயலாளர் அறுபது தாண்டியவர், சட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஆடினார்.

தசமி

காலையிலிருந்தே டாக்கின் அடி மாறிவிட்டது. "டாகுர் இன்னும் எத்தனை நேரம், டாகுர் போவாள் விசர்ஜனம்" என்று அந்த அடிக்கு இங்கே பிள்ளைகளும் சொல் வைத்திருக்கிறார்கள். டாகுர் என்றால் சாமி.

மத்தியானம் போரன். ஸ்டூல் போட்டு ஏறி, வெற்றிலையால் அம்மனின் கன்னங்களைத் துடைத்து, நெற்றியில் குங்குமம் இட்டு, வாயில் சந்தேஷ் ஊட்டி வழியனுப்புவது. பிறகு பெண்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் குங்குமம் பூசுவார்கள். வழக்கப்படி இது சுமங்கலிகளுக்கு மட்டும். திரிதியைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. முழு நேரமும் வேலை செய்கிற மாஷிமா மாதிரிப் பெண்கள் கடைசி நாளில் ஓரமாக நிற்பது நியாயமில்லை என்று பௌதி எழுப்பினார். சிலர் முகம் சுளித்தார்கள். கடைசியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று முடிவானது. இன்று பௌதி போய் மாஷிமாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மாஷிமா குங்குமத்தைத் தொடவில்லை. சந்தேஷை எடுத்து ஊட்டினார், வெற்றிலையால் முகத்தைத் துடைத்தார், காதருகே குனிந்து ஏதோ சொன்னார், இறங்கினார். அவ்வளவுதான். இது எல்லாப் பாடாவிலும் நடக்க இன்னும் காலமாகும். நடக்க வேண்டும். என் கன்னத்தில் யார் யார் பூசினார்கள் என்று கணக்கில்லை.

இரவு லாரியில் சிலையோடு பாக்பஜார் படித்துறை. ஏழு முறை சுற்றிவிட்டு நீரில் இறக்கினார்கள். பூவும் மாலையும் தனித் தொட்டியில். நதி கெடாமலிருக்கப் பெரிய படித்துறைகளில் கிரேன் வைத்து உடனே சட்டத்தை வெளியே எடுக்கிறார்கள். மூங்கிலும் வைக்கோலும் மறுபடி குமர்துலிக்குப் போகும். "ஆஸ்சே பொச்சோர் ஆபார் ஹோபே!" என்று கத்திக்கொண்டே திரும்பினோம். அடுத்த வருஷமும் உண்டு என்று பொருள். என் தொண்டை கட்டிவிட்டது.

ஏகாதசி

டாக்கியும் மகனும் காலை ரயிலுக்குக் கிளம்பினார்கள். வீடுகளில் சேர்த்த துணி, தேங்காய், அரிசி எல்லாம் மூட்டை. பையன் ஒரு டிராமும் மூன்று மெட்ரோவும் ஏறிவிட்டானாம். அடுத்த வருஷத்துக்கும் அவர்களையே பேசியாயிற்று.

இன்றிலிருந்து பிஜோயா. வீடு வீடாகப் போய்ப் பெரியவர்கள் காலைத் தொட்டு ஆசி வாங்க வேண்டும், சின்னவர்கள் வந்தால் இனிப்புக் கொடுக்க வேண்டும். சந்தின் ஒரு முனையில் தொடங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் தேங்காய் நாடு (நம் தேங்காய் உருண்டை), நிம்கி, குக்னி. வேண்டாம் என்றால் கோபம் வருகிறது. நான் இதுவரை கதவை மட்டுமே பார்த்திருந்த வீடுகளின் உள்ளே எல்லாம் இன்று போய் உட்கார்ந்தேன். மூன்றாம் வீட்டில் ஹார்மோனியம், ஐந்தாம் வீட்டு மாடியில் புறாக்கூடு, கடைசி வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணக்கு வாத்தியார். நான் சென்னையில் இருந்தவள் என்றதும் ராமானுஜனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவரிடம் வாரத்தில் ஒருநாள் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

காக்கிமா வீட்டில் அடுத்த வேலை காத்திருந்தது. பௌர்ணமியன்று கோஜாகரி லட்சுமி பூஜை, வீட்டுக்குள் செய்வது. வாசலிலிருந்து பூஜையறை வரை பச்சரிசி மாவைக் கரைத்து லட்சுமியின் பாதமும் நெற்கதிரும் அல்பனா போட வேண்டும். அவருக்கு முட்டிவலி, குனிய முடியாது. "மாக்கோலம் போடுவேன், கிருஷ்ண ஜயந்திக்கு எங்கள் வீட்டில் பாதம் வரைவது நான்தான்" என்றேன். "அப்படியானால் நாலு மணிக்கே வந்துவிடு. அரிசியை நானே ஊற வைத்து அரைத்துவிடுகிறேன், நீ அலுவலகத்தில் விடுப்பு மட்டும் சொல்லிவிடு" என்றார். இப்போதுதான் மேலாளருக்கு எழுதிப் போட்டேன். அம்மாவையும் போனில் கூப்பிட்டு, கரை மடியாமல் இழை இழுக்க மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.